சௌமியா கேட்டு வாங்கிய தாழ்ப்பாள்

...அதெப்படி இவளுக்கு மட்டும் வாய் கூசவே கூசாதா, முதலாளி காளியண்ணன் ராய்ச்சூரில் திறக்கப்போகிற புது ஆபீஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார், போர்வெல் வண்டி டிரைவர்கள் சுவரோரம் நிற்கிறார்கள், மானேஜர் சுவாமிநாதன் எதிரே உட்கார்ந்திருக்கிறார், அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவே, "ஒரு நிமிசமுங்கய்யா, பாத்ரூம் போயிட்டு வாரேன்" என்று எழுந்து போகிறாள் இந்தச் சௌமியா, என்னமோ பேனா எடுக்கப் போகிறவள் போல. யாராவது சிரித்தார்களா என்று மைதிலி பார்த்தாள். இல்லை. யாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. காலையில் புதுச்சத்திரம் பஸ் ஏறுமுன் வராத சிறுநீரை வரவழைத்துப் போனது, அதன்பிறகு ஒரு வாய் தண்ணீர் இல்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது, இருந்தும் அடிவயிறு முட்டிக்கொண்டு நிற்கிறது, மேசைக்கு அடியில் காலைக் காலோடு பின்னிக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பெண்ணோ குடத்தளவு பாட்டிலை மேசைமேல் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குடிக்கிறாள், நினைத்தபோது போகிறாள், வருகிறாள்... சேர்ந்து முழுசாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ராய்ச்சூரும் இவளுக்குத்தான் போகப்போகிறது. அங்கே ஆபீஸைப் பார்த்துக்கொள்ளக் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும், இங்கே கணக்கு முழுக்க மைதிலி கையில்தானே இத்தனை வருஷமும், அதனால் முதலாளி முதலில் கேட்டது அவளைத்தான், போன வாரம், "என்ன அம்மணி, நீ போறயா?" என்றார், எவ்வளவு காலம் காத்திருந்த கேள்வி, ஆனால் வாயில் வந்தது, "ஊட்ல கேட்டுச் சொல்றனுங்கய்யா." வீட்டில் யாரைக் கேட்பது, வீட்டுக்காரர் அன்றைக்கே போய்வா என்றுவிட்டார். கேட்க வேண்டியது வயிற்றை அல்லவா? விடியக் கிளம்பினால் பொழுது இறங்கும்வரை கார், முன்னால் டிரைவரும் சுவாமிநாதனும், நடுவில் வண்டியை நிறுத்தச் சொல்லி எந்த வாயால் கேட்பது... கேட்காமல் இருந்து, ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டு, தும்மினாலே நனைகிற உடம்பு இது, சீட்டை நனைத்துவிட்டால்? அதை எண்ணி எண்ணியே வாரம் போயிற்று. சௌமியா மட்டும் பட்டென்று, "அக்கா போகலீன்னா நான் போறனுங்க" என்றாள். அக்காவாம்!

இந்த நனைகிற உடம்பைக் காட்டத் தேடிப்போன ஃபேர்லேண்ட்ஸ் கிளினிக்கில் அந்தப் பிசியோதெரபி அம்மா கேட்ட முதல் கேள்வியே மானம் போகிற கேள்வி, "டாய்லெட்ல எப்படி உட்காருவீங்க?" உட்கார்வதே இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆபீஸ் பாத்ரூம் கதவு கூடத்தைப் பார்த்தது, பழைய தாழ்ப்பாள் இற்றுப்போய் மாட்டாது, டிரைவர்களும் போகிற கோப்பை அது, அதனால் உட்காராமல் அரைக்குந்தலாக நின்றபடி, இடக்கையால் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே சத்தம் கேட்காதபடி சொட்டுச் சொட்டாக, பாதியிலேயே நிறுத்தி ஓடிவருவது. வெளிக்கு? காலையில் காபி குடித்ததும் வயிறு கூப்பிடும், பஸ் போய்விடுமே என்று அதை அதட்டி அடக்கிவைப்பது, ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு முக்கி முக்கி... அந்த அம்மா ஒரு துண்டை இரு கையாலும் பிடித்துத் தொய்யவிட்டுக் காட்டினார், அடியில் எல்லாவற்றையும் தாங்குகிற தசை தூளித்துணி மாதிரியாம், முக்க முக்கத் தொய்யுமாம், அரைக்குந்தலில் நின்றாலோ இறுகிப்போய் விடவே மறந்துவிடுமாம். "வயிறு கூப்பிட்டாப் போயிருங்க, வராதப்பப் போகாதீங்க, நல்லா உட்காருங்க, பாதம் ரெண்டும் தரையில படியட்டும், அவசரப்படாதீங்க, தண்ணி குடிங்க." ஃபேர்லேண்ட்ஸ்வரை போய், தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவந்த அத்தனையையும், யாரும் சொல்லாமலே ஒருத்தி கண்ணெதிரே செய்துகொண்டிருந்தால் எப்படிப் பொறுப்பது?

புதுத் தாழ்ப்பாளும் சௌமியா கேட்டதுதான். சேர்ந்த வாரமே, "பாத்ரூம் கதவுக்குத் தாப்பா இல்லீங்களேய்யா" என்றாள், "அட, இத்தன நாளா ஒருத்தருமே சொல்லலையே" என்று முதலாளி மைதிலியைத்தான் பார்த்தார், மறுநாளே பளபளவென்று ஸ்டீல் தாழ்ப்பாள். மைதிலி அதை இன்றுவரை போடவில்லை. அவள் கேட்டு வாங்கியதை நான் போடுவதா என்று இன்னும் கையாலேயே கதவைப் பிடிக்கிறாள், பைத்தியக்காரத்தனம்தான், தெரிகிறது, தெரிந்தும்...

சௌமியா ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி வந்து உட்கார்ந்து மறுபடி பாட்டிலைத் தூக்கினாள். தண்ணீர் தொண்டையில் இறங்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், மைதிலிக்கு அடிவயிறு ஒரு வெட்டு வெட்டியது, இனி எழுந்தால்தான் உண்டு, "நான்... பாத்ரூம் போயிட்டு வந்தர்றனுங்கய்யா." தன் குரலா இது? முதலாளி பேச்சை நிறுத்தாமலே தலையை ஆட்டினார். உள்ளே போனதும் இடக்கை தானாகக் கதவுக்குப் போயிற்று. அதை இறக்கினாள். தாழ்ப்பாள் ஒரு தள்ளுக்கே வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது, அது அத்தனை சுலபமாக விழுந்ததற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது. கோப்பையைக் கழுவித் துடைத்து உட்கார்ந்தாள், முழுதாக, பாதம் இரண்டும் தரையில். வரவில்லை. இத்தனை நேரம் முட்டியது எங்கே போயிற்று... மூச்சை விடு, முக்காதே, வரும்போது வரட்டும். இடக்கை மடியில் சும்மா கிடந்தது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக இந்தக் கை பிடித்துக்கொண்டிருந்ததே, ஒரு தடவையாவது வெளியிலிருந்து யாராவது அந்தக் கதவைத் தள்ளியிருக்கிறார்களா? யோசித்துப் பார்த்தாள். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. ராய்ச்சூருக்கு நீ வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லையே...

கதவுக்கு அப்பால் முதலாளியின் குரல், "அப்பறம் என்ன, ராய்ச்சூருக்குச் சௌமியா பேரையே சொல்லிரலாமா?" நிறுத்து, புடவையை இறக்கு, ஓடு என்றது உடம்பு, ஆனால் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது, தாராளமாக, சத்தத்தோடு. மைதிலி உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள், "கொஞ்சம் இருங்கய்யா, நானும் போறனுங்க, இதா வந்தர்றேன்!" கூடத்தில் பேச்சு நின்றது. கேட்டிருக்கும், எல்லாருக்கும் எல்லாமே கேட்டிருக்கும். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். பிறகு சௌமியாவின் குரல் வந்தது, "மெதுவா வாங்கக்கா, ஒண்ணும் அவசரமில்ல." அதையும் இவளே முந்திக்கொண்டு சொல்ல வேண்டுமா என்று மைதிலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை.