மதிலுக்கு வெளியே ஒன்பதடி

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் தொடங்கியது. கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஊர் மாதா கோயிலின் நூற்றாண்டு மலருக்கு, கல்லறைத் தோட்டத்தைப் பற்றி நான்கு பக்கம் கேட்டார்கள். வரலாறு, கட்டடக்கலை, இரண்டு படம். (ஊர்ப் பெயரை எழுதி அடித்துவிட்டேன். காரணம் போகப்போகத் தெரியும்.)

முதல் வரி இப்படி: ‘சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் அரைத்துப் பூசிய வளைவு வாசலில், மேற்கு மலையின் நிழல்...’ கடுக்காய் விஷயம் எனக்கு உறுதியாகத் தெரியாது. நிறுத்திவிட்டேன்.

தெரிந்தது இவ்வளவு. நடுவில் கல் சிலுவை. அதன் காலடியில் வெளிநாட்டுச் சாமியார்கள் மூவர். வாசலருகே வசதியான குடும்பங்களின் மாடம் வைத்த கல்லறைகள். பின்னால் வாய்க்கால்வரை வெறும் மண்மேடுகள். கிழக்கே இரண்டடி கனத்தில் மதில். மதிலுக்கும் சாலைக்கும் நடுவே ஒன்பதடி நிலம். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பிள்ளைகளுக்கு.

அந்த ஒன்பதடியை அளக்கப் போனபோதுதான் மதலேனாளைப் பார்த்தேன்.

2

திராட்சைக் கொடிகளைக் கவாத்து வெட்டி வெட்டி வலது கட்டைவிரல் வளைந்துபோனவள். வயது அறுபத்திரண்டு. 1986-ல் அவளுக்குத் தலைப்பிள்ளை செத்தே பிறந்தது. பெண். மயக்கத்தில் கிடந்த மதலேனாள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மதிலுக்குள் இடமில்லை என்றுவிட்டார், சாமியாருக்கு உதவியாகக் கோயில் காரியங்களைப் பார்த்த உபதேசியார். (திருச்சபைச் சட்டம் அதற்குள் தளர்ந்திருந்தது என்கிறார்கள். ஊர் தளரவில்லை.) கணவர் இருதயம் பிள்ளையைத் துண்டில் சுற்றித் தனியாகத் தூக்கிப் போனார். நாற்பது நாள் கழித்து மதிலோரம் ஒரு கல்லைக் காட்டினார். “அங்கன.”

அன்றிலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் அந்தக் கல்லருகே உட்கார்ந்துவிடுவாள். பூ வைப்பாள். பேசுவாள். பின்னால் பிறந்த இரண்டு பையன்களைப் பற்றி, அவர்கள் திருப்பூருக்குப் போனதைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி.

இப்போது சாலையை அகலப்படுத்துகிறார்கள். ஒன்பதடியும் போகிறது. மதலேனாள் பங்குச் சாமியாரிடம் போய் நின்றாள். அவர் மறுக்கவில்லை.

“அம்மா, பழைய கட்டுப்பாடெல்லாம் இப்ப இல்ல. எடுத்து உள்ள வச்சு ஜெபம் பண்ணிருவோம். இடத்த மட்டும் சரியாக் காட்டுங்க.”

3

(இங்கே மதிலின் செங்கல் அளவு பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். யாருக்கு வேண்டும் அது?)

காலை ஒன்பது மணிக்கு, குழி வெட்டும் சுருளியாண்டி கல்லைப் புரட்டிவிட்டுத் தோண்டினார். மூன்றடி போயும் ஒன்றுமில்லை. ஓரமாய் நின்ற இருதயம் தலைத்துண்டைக் கையில் எடுத்தார்.

“போதும்யா, தோண்டாத. அது அங்கன இல்ல.”

மதலேனாள் திரும்பினாள்.

“எங்க ஆத்தா செத்து அப்ப பதினாறு நாளு. மண்ணு இறுகல. உபதேசியார் சாப்பிடப் போன நேரம் பாத்து, ஆத்தா குழியில வச்சு மூடிட்டேன். பிள்ளைய வெளிய போட மனசு வரல.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ அங்கன விழுந்து அழுவ. ஊரு கண்டுபிடிச்சு எடுத்து எறிஞ்சிருவாக. பெறகு... நீ இங்கன உக்காந்து பேசிப் பழகிட்ட. எப்படிச் சொல்லுவேன்?”

மாமியாருக்கு அவள் வருடத்துக்கு ஒரு மெழுகுவத்தி, கடமைக்கு, இருதயத்தின் பின்னால் போய்க் கொளுத்திவிட்டு நகர்ந்துவிடுவாள். முப்பத்தெட்டு வருடம் பிள்ளையை அப்படித்தான் தாண்டிப் போயிருக்கிறாள்.

அவள் கதறினாள் என்று எழுதிவைத்திருந்தேன். இல்லை. குழியைப் பார்த்துக் கேட்டாள்:

“அப்ப நான் இம்புட்டு வருசம் யாருகிட்டப் பேசுனேன்?”

சுருளியாண்டி குனிந்து, குழியின் பக்கச்சுவரில் விரலால் மண்ணை விலக்கினார். “தாயி, இங்கன ஒரு பிள்ள இருக்கு. சின்ன எலும்பு. யாரு பெத்ததோ.”

மதலேனாள் குழியோரம் உட்கார்ந்தாள். முந்தானையை விரித்தாள்.

“இதக் குடுய்யா. நான் சொன்னதயெல்லாம் கேட்டது இதுதான்.”

4

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் அவள் கணவரை மன்னித்தாள். ஒன்றில் அவருடன் பேச்சை நிறுத்திவிட்டாள். மூன்றாவதில்... வேண்டாம்.

நான் பார்த்தது இதுதான். எலும்புகளை வாங்கிய முந்தானையைச் சுருட்டிப் பிடித்தபடி அவள் வளைவு வாசலுக்குள் நடந்தாள். தன் பிள்ளையும் கிடக்கும் மாமியார் மேடு எந்த வரிசையில் என்று அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. இரண்டு முறை தவறான வரிசைக்குள் போய்த் திரும்பினாள். இடம் தெரிந்த இருதயம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், அவள் கூப்பிடாமல் உள்ளே போகத் துணிவில்லாமல்.

அவள் கூப்பிட்டாளா? மனைவியாக அவள் எடுக்க வேண்டிய முடிவை நான் எப்படி எழுதுவது? நீங்கள் வேண்டுமானால் கூப்பிட வையுங்கள். ஆனால் எழுதுவதற்கு முன், கை நிறையப் பிள்ளையோடு இன்னொரு வரிசை அவளோடு நடந்துபாருங்கள்.