சிவப்பியின் வயிறு

பாரிட் புந்தார் பக்கம் அறுப்பு முடிந்ததும் வைக்கோலைக் கட்டுக்கட்டாக லோரியில் ஏற்றி, பத்து காஜா ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மாடு வைத்திருப்பவர்களுக்கு விற்பேன். பொருளில் இருப்பதைச் சொல், இல்லாததைக் கேட்டால் ஆளைச் சிரிக்க வை: மகனாக அத்தா கடையில் நின்று நான் படித்தது இவ்வளவுதான்.

புனிதாவிடம் இருந்தது ஒரே மாடு, சிவப்பி. ஏழு மாதச் சினை. புருஷன் போன பிறகு வீடு நடப்பது அதன் பாலில்தான். அது கன்று போட்டால்தான் மறுபடி பால். தோட்ட நிர்வாகம் ரப்பர் மரங்களை வெட்டித் தள்ளி வேலி போட்டுவிட்டதால் மேய்ச்சல் இல்லை. என்னிடம் வைக்கோலும் இன்னொருவரிடம் செம்பனைப் புண்ணாக்கும் வாங்கிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டும் கட்டுப்படியாகல அண்ணே. வைக்கோல் மட்டும் போட்டா போதுமா?”

போதாது என்று எனக்குத் தெரியும். ஏதோ ஒன்றை நிறுத்தப்போகிறாள். அது என்னுடையதாக இருக்கக் கூடாது.

“புண்ணாக்குக்காரன் தொந்தியப் பாத்தியா தங்கச்சி? மாட்டுக்குச் சேர வேண்டியதெல்லாம் அங்கதான் சேருதுலா! நீ வைக்கோல அளவில்லாமப் போடு.”

சிரித்துவிட்டாள். புண்ணாக்கை நிறுத்தினாள்.

சிவப்பி நாள் முழுக்க மென்றது. வயிறு பீப்பாய் போல உப்பியது. லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் தட்டிப் பார்த்து, “ரெட்டைக் கன்னுலா!” என்றார்கள். புனிதா இரண்டு பெயர் யோசித்து வைத்தாள். முதுகெலும்பு துருத்திக்கொண்டு வந்ததை அவர்கள் யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கட்டுகளை இறக்கிவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்பதாம் மாதம் மாடு படுத்தது, எழவில்லை. சேதி கேட்டு நான் போனபோது கன்று செத்து வெளியே வந்திருந்தது. ஒன்றுதான். மாட்டு டாக்டர் சிவப்பியின் விலாவைத் தடவிக்கொண்டே சொன்னார்: வைக்கோலில் புரதம் நூற்றுக்கு நாலு பங்கு தேறினால் அதிகம், வயிற்றை அடைக்கும், உடம்பில் ஒட்டாது, கன்று தாயின் சதையைத் தின்றுதான் வளர்ந்திருக்கிறது. அவர் சொல்லி முடிப்பதற்குள் சிவப்பியும் அடங்கிவிட்டது.

புனிதா அழவில்லை. என்னைப் பார்த்தாள்.

“வாய் ஓயாம தின்னுச்சே அண்ணே. பட்டினியிலயா செத்துச்சு?”

வயசு, காய்ச்சல், விதி என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.

“ஆமா தங்கச்சி. அது பத்தாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

ஏசுவாள் என்று நின்றேன். அவள் குனிந்து, சிவப்பியின் கடைவாயில் சிக்கியிருந்த வைக்கோலை விரல் விட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.