இளையவள் போய்வந்த இடங்கள்

அடைமழை கொட்டிய ஒரு வாரம் முழுக்க வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடந்த இளையவளுக்கு, பாலைவன வெயிலில் மூக்குத் தோல் உரிந்தது. எத்தனை நாள் வெயிலில் திரிந்தீர்கள் என்று கேட்டார் தோல் மருத்துவர். எங்கேயும் திரியவில்லை, கட்டிலில் கிடப்பவள் சொல்வதை எழுதிக்கொண்டிருந்தேன் என்றாள் அவள். மருத்துவர் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். அவள் செருப்பிலிருந்து தன் தரையில் உதிர்ந்திருந்த மணலைப் பார்த்தார். ஒரு களிம்பை எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த வீட்டில் அக்காவும் தங்கையும் மட்டும்தான். மூத்தவள் விபத்தில் நசுங்கிய கார்களுக்கு நஷ்டம் மதிப்பிடும் உத்தியோகத்தில் இருந்தவள். இளையவள் முன்னறையிலேயே பல் செட் செய்பவள். அவள் மேசை நிறைய ஊராரின் தாடை அச்சுகள் வாயைப் பிளந்துகொண்டு இருக்கும். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்கு இரும்புக் கட்டில் வந்து இறங்கிய அதே மாதம், சாவதற்குள் பார்த்துவிட வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியலை மூத்தவள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். செத்துக்கொண்டிருந்தவர் என்னவோ வேறு ஆள். அதன் பிறகு பதினோரு வருடம் அவள் விமானம் ஏறிப் போய்ப் பட்டியலை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தாள். இளையவள் மெழுகில் பற்களைப் பதிப்பதும், கட்டில் கம்பியில் மாட்டியிருந்த சைக்கிள் மணி அடித்தால் கத்தியைப் போட்டுவிட்டு ஓடுவதுமாக இருந்தாள். மூத்தவள் ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு காந்த பொம்மை வாங்கி வருவாள். இளையவள் அதை ஃப்ரிட்ஜின் பின்பக்கம் ஒட்டுவாள். பட்டியலின் கடைசி இடமான தீவில் மூத்தவள் இருந்தபோது அப்பா போய்ச் சேர்ந்தார். அவள் வரவில்லை. டிக்கெட் மாற்ற முடியவில்லை என்றாள். அன்றோடு இளையவள் அவளை அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். தெரு மொத்தமும் இளையவள் பக்கம்தான் பேசியது. பேசியதோடு சரி, அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு நாளாவது வந்து கட்டிலுக்கு ஒரு கை கொடுத்தவர் எவரும் இல்லை.

உலகமெல்லாம் விழாமல் சுற்றிவந்தவள் ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இறக்கும்போது விழுந்தாள். இடுப்பும் வலது மணிக்கட்டும் உடைந்தன. படுக்க வைக்க வீட்டில் தோதாக இருந்தது அப்பாவின் கட்டில்தான். பயணங்களைப் புத்தகமாக்கித் தருகிறேன் என்று ஒரு பதிப்பாளரிடம் அவள் ஏற்கனவே வாய்விட்டிருந்தாள். கை உடைந்தாலும் அவளுக்கு வாய் குறையவில்லை. அவள் சொல்லச் சொல்ல எழுத இளையவள் மறுத்தாள். மூத்தவள் சைக்கிள் மணியை அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தம் இளையவளுக்கு எலும்பு வரை ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். மூன்றாம் நாள் இளையவள் பேனாவோடு வந்து உட்கார்ந்தாள்.

"சீக்கிரம் சொல்லித் தொலை. மேசையில நாலு வாய் காத்துக்கிட்டு இருக்கு."

பாலைவனத்தைச் சொல்லி முடித்ததும் மூக்கு உரிந்தது. பனிமலையைச் சொன்னபோது இளையவளின் கால்விரல்கள் ஊதாவாகின. மேசையில் பிளாஸ்டர் பொடிக்கு நடுவே கொஞ்சம் பனியும் கிடந்தது, அதை அவள் துடைப்பத்தால் ஒதுக்கினாள். எழுதிய இடமெல்லாம் அவளுக்கு நேற்றுப் போய்வந்ததுபோல் ஞாபகம் இருந்தது. எந்தப் படகுக்காரன் ஏமாற்றினான் என்பதுகூடத் தெரிந்தது. சொல்லி முடித்த இடம் மூத்தவளின் நினைவிலிருந்து சுத்தமாகப் போய்விட்டது. ஒருநாள் எழுதிய தாள்களைப் புரட்டிவிட்டு, "இது யாரு எழுதினது? நல்லா மலையேறியிருக்காளே" என்று கேட்டாள்.

காலியான இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. ஒரு காலையில் மூத்தவள் சுவரைப் பார்த்து, "மாத்திரையை முழுசாக் குடுக்காத, தொண்டையில சிக்கும். பொடிச்சுக் குடு" என்றாள். இளையவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவை எந்தப் பக்கம் புரட்டினால் புண் வலிக்காது, எந்த இருமலுக்கு எழுந்து ஓட வேண்டும், எதற்கு வேண்டியதில்லை என்பதெல்லாம் மூத்தவளுக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வரும் காய்ப்பு, அதைத் தொட்டே இராத அவள் உள்ளங்கையில் வந்தது. மூத்தவள் ஒரு ஊரைக் கொடுத்தால் அந்த அறையின் ஒரு வருடம் அவளுக்கு வந்தது.

விஷயம் புரிந்ததும் மூத்தவள் வாயை மூடிக்கொண்டாள். தீவு ஒன்றுதான் மிச்சம்.

"எல்லாத்தையும் உருவிட்டியேடி திருடி. அதைத் தர மாட்டேன்."

"நானா கேட்டேன்? மணி அடிச்சுக் கூப்பிட்டுக் குடுத்தது நீ. அந்தத் தீவும் எனக்கு வேணும்."

அந்த மாதம் அந்த வீட்டில் நடந்தது கேவலமான சண்டை. இளையவள் தண்ணீர்ச் செம்பைக் கைக்கு எட்டாமல் வைத்தாள். மூத்தவள் மணியடித்தாள். இளையவள் மணியைக் கழற்றி எறிந்தாள். மூத்தவள் கரண்டியால் கம்பியைத் தட்டினாள். தாடை அச்சுகளில் ஒன்று மூத்தவள் மீது பறந்து வந்து விழுந்ததாகப் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

கடைசியில் இறங்கிவந்தது மூத்தவள்தான். அவளுக்கு வந்திருந்த வருடங்கள் அப்பாவின் கடைசி நாள் காலையில் போய் அறுந்து நின்றன. தலையணையில் அப்பாவின் முகம் தெரியும், உதடு அசையும், சத்தம் வராது. கண்ணை மூடினால் அந்த உதடுதான். அவளால் தாங்க முடியவில்லை.

"கடைசியா அப்பா என்னடி கேட்டார்?"

"சொல்ல மாட்டேன். தீவைக் குடு, தானா வரும்."

மூத்தவள் சொன்னாள், இளையவள் எழுதினாள். எழுத எழுத அவள் கூந்தல் நனைந்தது, காதுக்குள் கடல்நீர் புகுந்தது. அக்கா அழுதிருப்பாள், பதறியிருப்பாள், உண்மையிலேயே டிக்கெட் கிடைக்காமல் தவித்திருப்பாள் என்று இத்தனை நாளும் ஒரு மூலையில் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அதெல்லாம் ஒன்றும் இல்லை. மணலில் போன் அடித்தது, வீட்டு எண். அடிக்கட்டும் என்று அதன் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு மூத்தவள் மறுபடியும் தண்ணீரில் இறங்கினாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் ஒருபோதும் இருந்ததில்லை. அந்தச் சந்தோஷம் முழுசாக இப்போது இளையவளுடையது, துண்டைப் போட்டு மூடிய கையும் அவளுடையது. பேனாவை மூடிவிட்டு உப்புக் கரித்த உதட்டை நக்கிக்கொண்டாள். கட்டிலில் மூத்தவள் அப்பாவைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்திருந்தாள்.

புத்தகம் இளையவள் பெயரில் வந்தது. பதிப்பாளர் எதுவும் கேட்கவில்லை. அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர், கடல் வெயிலில் நன்றாகக் கறுத்திருக்கிறீர்கள் என்றார். எலும்பு கூடி எழுந்த மூத்தவள் நேராக முன்னறை மேசையில் போய் உட்கார்ந்தாள். அவள் செய்யும் பல் செட் யாருக்கும் கடிப்பதில்லை என்று பேர். தெருவும் சத்தமில்லாமல் கட்சி மாறியது. பெத்த அப்பனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஊர் சுற்றியவள் என்று இப்போது இளையவளைத்தான் சொல்கிறார்கள், சொல்கிறவர்கள் அதைச் சத்தியமாக நம்புகிறார்கள். காந்த பொம்மைகள் பின்பக்கத்திலேயே இருக்கின்றன.

புத்தகக் கட்டு வந்த அன்று இளையவள் ஒரு பிரதியைக் கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்தாள். மூத்தவள் அதைத் தொடாமலே சொன்னாள்.

"காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் உன்னைத்தான் கேட்டார். நான் கையைப் பிடிச்சிக்கிட்டுப் பக்கத்திலேயே உக்காந்திருக்கேன், அவ வந்துட்டாளா, அவ வந்துட்டாளான்னு வாசலையே பாக்கறார். என்னை ஒரு தடவை திரும்பிப் பாக்கல. நீ வரவேயில்லையேடி."

இளையவள் வாசலைப் பார்த்தபடி நின்றாள்.

"டிக்கெட் மாத்த முடியலக்கா."

மூத்தவள் ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடாக்கி, யாருடையதோ ஒரு கீழ்த்தாடையில் அடுத்த பல்லைப் பதித்தாள்.