மேல்வீட்டு வரைபடம்

ஜோர்டானின் இர்பித் நகரில், வீட்டுக்குப் பெயிண்ட் அடித்த வாரத்தில்தான் ரிஹாபின் இயந்திரம் காணாமல் போனது. தட்டு மாதிரி வட்டமாக, தானே வீடு முழுக்க ஊர்ந்து தூசியை உறிஞ்சுகிற ரகம். முழங்கால் வலியால் குனிய முடியாத அவளுக்குக் குவைத்திலிருக்கும் தம்பி வாங்கிக் கொடுத்தது. பெயிண்ட் படக்கூடாதென்று பெட்டியில் போட்டு வாசலுக்கு வெளியே வைத்திருந்தாள். மத்தியானம் பெட்டியைக் காணோம்.

அன்று படியேறி இறங்கியவர் என்று தெரிந்தது பெயிண்டர் ஷிஹாதே ஒருவர்தான். ரிஹாபின் கணவன் நாயிஃப் அவரை வாசலில் மறித்தான்.

"உன்னைத் தவிர இங்க யாருய்யா வந்தா?"

ஷிஹாதே தன் பையைத் தரையில் கொட்டினார். தூரிகைகள், பழைய சட்டை, பாதி தின்ற ஃபலாஃபெல் ரொட்டி. திரும்ப அள்ளிக்கொண்டு இறங்கிப் போனவர் மறுநாள் வேலைக்கு வரவில்லை. புகார் கொடுக்கப் போன காவல் நிலையத்தில், "தொடப்பமா தொலைஞ்சுபோச்சு?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ரிஹாபின் கைபேசி சிணுங்கியது. இயந்திரம் ஓடத் தொடங்கியிருந்தது! தினமும் பத்து மணிக்கு ஓடும்படி அவள்தான் பதிந்து வைத்திருந்தாள். அது ஊர்ந்த வழியெல்லாம் திரையில் கோடு கோடாக ஒரு வீடு உருவானது. நீளமான நடை, இடப்பக்கம் சமையலறை, பால்கனிக் கதவருகே உள்வாங்கிய சுவர்.

"நம்ம வீடு மாதிரியே இருக்கே," என்றான் நாயிஃப்.

"நம்ம வைஃபைலதான் ஓடுது. அப்ப இந்தக் கட்டடத்தை விட்டு வெளிய போகல."

கூடத்தின் நடுவே மட்டும் நான்கு புள்ளிகளை அது சுற்றிச் சுற்றிப் போனது. கட்டில் கால்கள். கீழ்வீடு பல மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. மேல்வீட்டில்தான் இடுப்பெலும்பு முறிந்து உம்மு விசாம் படுத்த படுக்கையாக இருந்தாள். அவள் கணவர் அபூ விசாம் சுங்கத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியோடு ஹஜ் போய் வந்தவர். மடிப்புக் கலையாத சட்டை போடுகிற, படியில் பெண்கள் எதிர்ப்பட்டால் சுவரோரம் ஒதுங்கி நிற்கிற மனிதர்.

"ஹாஜியா? இருக்கவே இருக்காது!" என்ற நாயிஃப் செருப்பை மாட்டினான்.

"நீ போனா சண்டைதான் வரும். நான் போறேன்."

மேலே கதவு ஒருக்களித்திருந்தது. கூடத்துக் கட்டிலில் கிழவி. கட்டிலுக்கடியிலிருந்து இயந்திரம் மெல்ல வெளியே வந்தது.

"வாம்மா ரிஹாப்! இப்பத்தான் ஒரு ஆளை உள்ள கூப்பிடற மாதிரி இருக்கு வீடு. ரெண்டு மாசமா தரையெல்லாம் மண்ணு. வெக்கமா இருந்துச்சு, யாரையும் விடல. முந்தாநேத்து இவரு இதைக் கொண்டாந்தாரு. நாப்பத்தோரு வருஷத்துல எனக்குன்னு ஒரு ஊசி வாங்கித் தந்ததில்ல இந்த மனுஷன்! நேத்தெல்லாம் சார்ஜ் இல்லாம அசையல. இன்னிக்குத் தானா எழுந்து ஓடுது, பாரு."

ரிஹாப் வாயைத் திறந்தாள். கிழவியின் முகத்தைப் பார்த்ததும், "நல்லா இருக்கு ஹாஜ்ஜா" என்றுதான் வந்தது.

அப்போது ரொட்டிப் பையோடு உள்ளே வந்தார் அபூ விசாம். அவளைப் பார்த்து அப்படியே நின்றார். "காபி போடறேன்" என்று முனகிவிட்டுச் சமையலறைக்குள் போனார். ரிஹாபும் பின்னாலேயே போனாள்.

"ஒரு நாளைக்கு இரவல் கேக்கத்தான் வந்தேன்," என்றார் அவர், குரல் எழும்பாமல். "பெட்டி வெளிய இருந்துச்சு. கேக்க வாய் வரல. எடுக்கக் கை வந்துருச்சு."

"ஷிஹாதே பையைக் கொட்டிக் காட்டினாரு, ஹாஜி. அவரைத் திருடன்னு சொல்லி அனுப்பிட்டோம்."

அது அவருக்குத் தெரியாது. அடுப்பில் காபி பொங்கி வழிந்தது. அவர் முக்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் அவரே சொன்னார். அவள் போட்ட சத்தம் கீழே ரிஹாபின் வீடுவரை கேட்டது. மறுநாள் பெட்டி திரும்பி வந்தது. நாயிஃபும் அவரும் சேர்ந்து ஊருக்கு வெளியே ஷிஹாதேயின் வீட்டைத் தேடிப் போனார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் ஷிஹாதே வாசலிலேயே நின்று கேட்டார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"சொன்னீங்க, கேட்டுக்கிட்டேன்," என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார். ஒரு வாரம் கழித்து வந்து மிச்ச வேலையை முடித்துக் கொடுத்தார். நாயிஃபிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

ரிஹாப் சனியும் செவ்வாயும் இயந்திரத்தை மேலே கொண்டுபோய் வைக்கிறாள். "திருட்டுச் சாமான் என் வீட்ல வேணாம்" என்று உம்மு விசாம் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இப்ப இது விருந்தாளி, ஹாஜ்ஜா" என்று சொல்லித்தான் ரிஹாப் சம்மதிக்க வைத்தாள். மற்ற நாட்களில் அபூ விசாமே பெருக்குகிறார். கட்டிலிலிருந்து வருகிற அதட்டல் படிக்கட்டு வரை கேட்கிறது:

"அந்த மூலையை யாரு பெருக்குவா?"