விலை குறைந்த நாற்காலி

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவருக்கு 'அரை டிகிரி' என்று பெயர் வைத்தவள் கடையில் பில் போடுகிறவள். லென்ஸின் அச்சு அரை டிகிரி விலகியிருந்தால் போதும், தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். வீட்டிலும் அதே கணக்குத்தான். ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி.

அந்த ஒற்றை நாற்காலியால்தான் அக்கா நான்கு வருஷமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. கடைசியாக வந்தபோது அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள்; அவர் ஜன்னலோரம் தட்டை ஏந்தியபடி நின்றார். "யாரும் வந்துடக் கூடாதுன்னே குடித்தனம் நடத்துறியாடா?" என்று கேட்டாள். அதன் பிறகு மாதம் ஒரு போன், உடம்பு எப்படி இருக்கிறது என்ற விசாரிப்பு, அத்தோடு சரி.

இப்போது ஒரு வேலையாக ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வருவதாகவும், மத்தியானம் எட்டிப்பார்த்துவிட்டுச் சாயங்கால ரயிலைப் பிடிப்பதாகவும் சொன்னாள். போனை வைத்த கையோடு அவர் ஆன்லைனில் ஒரு மர நாற்காலி வாங்கினார். திங்கட்கிழமை அது துண்டு துண்டாக வந்து இறங்கியது. பூட்டும்போது எந்தக் கால் எந்த மூலைக்கு என்று, லென்ஸில் புள்ளி வைக்கும் சிவப்பு மையால் அடையாளம் வைத்துக்கொண்டார். ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, நான்கு. பூட்டி முடித்து மேசைக்கு எதிரே போட்டார். இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அதில் உட்காரவில்லை.

புதன்கிழமை அதே நாற்காலி மூன்றில் ஒரு பங்கு விலை குறைந்தது.

அன்றைக்கு அவர் தேய்த்த லென்ஸ் இரண்டு வீணாயின. உணவு இடைவேளையில் கம்பெனிக்குப் போன் போட்டு, வித்தியாசத்தைத் திருப்பித் தரச் சொன்னார். போனை எடுத்த பெண்ணின் குரலில் அலுப்பு இருந்தாலும் மரியாதை குறையவில்லை. வாங்கின அன்றைக்கு எது விலையோ அதுதான் விலை, பிறகு குறைந்தால் வித்தியாசம் தரும் விதி தங்களிடம் கிடையாது என்றாள். ஆனால் பத்து நாளைக்குள் எந்தக் காரணத்துக்காகவும் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். முழுப் பணமும் வரும். புது விலையில் மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

நாற்காலியும் இங்கேயே இருக்கிறது, வாங்கினவனும் இங்கேயே இருக்கிறேன், எதற்கு அதை ஊர் சுற்ற அனுப்ப வேண்டும் என்று அவர் கேட்டார். அவளும் அதைப் பல தடவை யோசித்திருப்பாள் போல. "சிஸ்டம் அப்படித்தான் சார்" என்றாள். பிறகு, பேசச் சொல்லிக் கம்பெனி எழுதிக் கொடுத்ததில் இல்லாத ஒரு கேள்வி கேட்டாள்.

"புதுசு சனிக்கிழமை வரும்னு காட்டுது. தள்ளிப்போனாலும் போகும். நடுவுல நாற்காலி இல்லாம சமாளிச்சுக்குவீங்களா சார்?"

அக்கா வருகிறாள் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு வாயில் வந்தது வேறு.

"நான் ஒத்த ஆளும்மா. எனக்கு எதுக்கு ரெண்டு நாற்காலி?"

வியாழக்கிழமை எடுத்துப்போக ஆள் வந்தான். கழற்றிக் கட்டி வைத்திருந்த பெட்டியைத் தட்டிப்பார்த்துவிட்டு, பிடிக்கவில்லையா என்று விசாரித்தான். பிடித்திருக்கிறது என்றார்.

"அப்புறம் ஏன் சார் திருப்பிக் குடுக்குறீங்க?"

"மறுபடி வாங்குறதுக்கு."

அவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனான்.

சனிக்கிழமை செய்தி வந்தது: திங்கட்கிழமை கிடைக்கும், தாமதத்துக்கு வருந்துகிறோம். அவர் வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதிர் வீட்டில் ஒரு நாற்காலி இரவல் கேட்கலாம் என்று கிளம்பினார். பதினோரு வருஷமாக எதிரெதிர்க் கதவு. தட்டக் கை தூக்கிய பிறகுதான், அவர்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியாதது உறைத்தது. உள்ளே யாரோ சிரித்தார்கள். கையை இறக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. மேசையைப் பார்த்தாள், அதன் முன்னால் இருந்த நாற்காலியைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். அவர் ஜன்னலோரம் நின்று சாப்பிட்டார். உனக்கென்று வாங்கியிருந்தேன் என்பது தொண்டை வரை வந்தது. அப்படியானால் எங்கே என்று கேட்பாளே. விலை குறைந்ததால் திருப்பி அனுப்பினேன் என்று எந்த வாயால் சொல்வது? சாயங்கால ரயில் என்றவள் இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை பெட்டி வந்தது. பிரித்தார். கால்களின் உச்சியில் சிவப்பாக ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, நான்கு. அதே நாற்காலி. விலை மட்டும்தான் இறங்கியிருந்தது. இந்தத் தடவை பூட்டப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. குளித்துவிட்டு வந்து, ஈரத் துண்டை அதன் முதுகில் போட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்தார். திங்கட்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரை எல்லாவற்றையும், எதிர் வீட்டுக் கதவு உட்பட, ஒன்று விடாமல் சொன்னார்.

 

"எவ்வளவுடா மிச்சம்?" என்றாள் அக்கா.

சொன்னார்.

"என் ரயில் டிக்கெட்டுக்குக்கூடப் பத்தாது." மூக்கை உறிஞ்சுவது கேட்டது, சிரிப்பா, அழுகையா தெரியவில்லை. "சரி, இருக்கட்டும். அதுமேல துணிகிணி போட்டு வெக்காத."

எப்போது வருவாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு எழுந்து போய், துண்டை எடுத்துக் கொடியில் போட்டார்.