உளவாளிக்கு வந்த முகம்

காலையிலிருந்து தேனுகாவுக்கு அந்த ஆண் உளவாளியின் முகம் மட்டும் பிடிபடவில்லை. கீறுவதும் அழிப்பதுமாகத் தாளே நைந்துபோயிற்று. பெண் உளவாளி ஒரு கரைச்சலும் தராமல் வந்துவிட்டாள். கறுப்புக் கண்ணாடி, கட்டைத் தலைமயிர், அலுவல் முடிந்தது. இந்தக் கோதாரி விழுவான்தான் சண்டித்தனம் பண்ணினான். தொடரில் அவனாக வருகிற நடிகரின் படங்களைப் பக்கத்தில் பரப்பி வைத்துக்கொண்டுதான் கீறினாள். ஆனாலும் தாளில் வந்து நின்றவன் வேறு யாரோ.

மல்லாவியில் இருந்துகொண்டு கொழும்புப் பதிப்பகம் ஒன்றுக்குச் சித்திரக்கதை கீறுகிறாள் அவள். நாயாற்றுக் கடலைக் கையால் பிளக்கிற சிவரூபி, காற்றில் பறக்கிற நேர்ஸ் என்று அதற்குள் ஓர் உலகமே இருக்கிறது. இப்போது தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் உளவாளிகள் இரண்டு பேரையும் அந்த உலகத்துக்குள் கொண்டுவர வேண்டுமாம். முதலில் சிவரூபியைத் துரத்துவார்களாம், கடைசியில் அவளோடு கை கொடுத்துச் சேர்ந்துவிடுவார்களாம். உளவாளி என்றால் பிள்ளைகளுக்கு உயிர் என்று பதிப்பாசிரியர் ஜனார்த்தனன் போனில் சொன்னார். இவளும் ஓம் என்றுவிட்டாள். இங்கே உளவாளி கோட்டுப் போட்டுக்கொண்டு காரில் பறக்கிறவன் இல்லை. முற்றத்தில் கதிரை போடச் சொல்லி, தேத்தண்ணியும் வாங்கிக் குடித்துக்கொண்டு, வீட்டில் யார் யார் என்று சிரித்த முகத்தோடு கேட்கிறவன். அதைப் போனில் எப்படிச் சொல்கிறது?

அம்மா கமலாசனிக்கு அந்தத் தொடர் என்றால் பைத்தியம். ஒரு நாளும் தவறவிடமாட்டார். தன் உளவாளிகள் எப்படி வந்திருக்கிறார்கள் பார்ப்போம் என்று குசினியிலிருந்து ஆசையாகத்தான் வந்தார். தாளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இவனை நீ எங்கை கண்டனி?"

"ஆரை அம்மா?"

"அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனவனை."

தேனுகா பென்சிலைக் கீழே வைத்தாள். சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது, கூடார வாசலில் வந்து நின்ற ஒருவன், சும்மா விசாரணைதான், பின்னேரம் விட்டுவிடுவோம் என்று அண்ணன் கிருபனைக் கூட்டிக்கொண்டு போனான். அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு இவளும் அவனை அண்ணாந்து பார்த்தவள்தான். பிறகு அண்ணனைத் தேடி ஏறி இறங்கின இடமெல்லாம் அம்மாவிடம் அவன் எப்படி இருந்தான் என்று கேட்டார்கள். கைக்கெட்டும் தூரத்தில் நின்றவனின் முகம் அம்மாவுக்கு வரவேயில்லை. மரியாதையாகக் கதைச்சவர் என்றுதான் சொல்லத் தெரிந்தது. கேட்டவர்கள் பேனையை மூடி வைத்துவிட்டார்கள். பிள்ளையைக் கொண்டுபோனவனின் முகத்தைக்கூடப் பார்த்து வைக்காத நானும் ஒரு தாயா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுததை இவள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள்.

இதைப் பெரிசாக்கித் தா, காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் இருக்கிற வீதியோரக் கொட்டிலுக்குக் கொண்டுபோகவேணும் என்றார் அம்மா. தேனுகாவுக்குப் பயம் பிடித்தது. பாதி நடிகர், பாதி தன் பிள்ளைப் பருவத்துப் பயம் என்றால்? இதே முகத்தோடு ஒரு பாவமும் அறியாத ஒருவன் எங்காவது இருந்தால்? உண்மையிலேயே அவன்தான் என்றால், அது இன்னும் பயம்.

"அம்மா, இது அந்த நடிகற்ரை முகம்."

"அவரை எனக்குத் தெரியாதே? ஒவ்வொரு நாளும் பாக்கிறன். இது அவரில்லை."

தேனுகா தாளைத் தன் பக்கம் இழுத்தாள். அழித்துவிடலாம் என்று அழிறப்பரை எடுத்தாள். அம்மா அவள் கையைப் பார்த்தார். எடுத்ததை வைத்துவிட்டாள்.

ஜனார்த்தனன் போன் எடுத்து, கை கொடுக்கிற பக்கம் இன்றைக்கே வேண்டும் என்றார். அனுப்புறன் என்றாள் தேனுகா. அம்மா இன்னும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். சிவரூபி நீட்டிய கை, அதைப் பிடிக்க வருகிற அவன் கை, அவன் வாய்க்கு மேலே ஒன்றும் எழுதாத வட்டம்.

"உது என்ன, வெறுமையாக் கிடக்கு?"

"அவன் கதைக்கிறது அதுக்குள்ளதான் வரும். நான் இன்னும் எழுதேல்லை."

அம்மா கதிரையை இழுத்து மேசைக்குக் கிட்டப் போட்டு இருந்தார்.

"அப்ப கேள், பிள்ளை. அண்ணாவை எங்கை வைச்சிருக்கிறான் எண்டு கேள். அவன் சொல்லுறதை அப்பிடியே எழுது."

தேனுகா பேனையை எடுத்தாள். அம்மா அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.