கிளுவைக் கம்பும் கம்பி முறுக்கும் மெஷினும்

தெரு ஆடுகள் கிளுவை வேலியை மேய்ந்துகொண்டே உள்ளே நுழைந்து கத்தரிச் செடியையும் ஒரு கை பார்த்துவிடுகின்றன என்பதற்காகத்தான் ஏகாம்பரம் அந்த மெஷினை வாங்கினார். மரச்சட்டங்களை வரிசையாகக் கொடுத்தால் போதும். இடையிடையே கம்பியை முறுக்கி, பாய் மாதிரி வேலியைச் சுருட்டித் தந்துவிடும். இலையே இல்லாத வேலியை எந்த ஆடு திரும்பிப் பார்க்கும்?

அன்றைக்கே கிளுவையை வேரோடு வெட்டிச் சாய்த்தார்.

"உத்திரமேரூர் மரவாடில காஞ்ச சட்டமா வாங்கினு வாயேன்" என்றாள் மனைவி ஆதிலட்சுமி.

"இம்மாங் கம்பு வெட்டிப் போட்டுக் கீது, வாடிக்கு இன்னாத்துக்குப் போவணும்?" என்று எரிந்து விழுந்தார் ஏகாம்பரம்.

பச்சைக் கிளுவைக் கம்புகளையே மெஷினில் விட்டார். அதுவும் முகம் சுளிக்காமல் முறுக்கிக் கொடுத்தது. கம்புகளின் அடி மண்ணில் நன்றாகப் புதையும்படி கொல்லையைச் சுற்றி வேலியை நட்டார். ஊரில் யாராலும் குறை சொல்ல முடியவில்லை.

பிறகு மழை பெய்தது.

வேலி துளிர்த்தது. ஆடுகள் வந்தன. கைதவறித் தலைகீழாகக் கொடுத்த கம்புகள் மட்டும் அவர் பேச்சைக் கேட்டுக் காய்ந்து நின்றன.

மறுநாள் காலையில் ஏகாம்பரம் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் இன்னாத்துக்கு?" என்றாள் ஆதிலட்சுமி.

"ஆடு வேலியத் துன்னுது. சுத்தி இன்னொரு வேலி போட்டாத்தான் இது நிக்கும்."

"கம்புக்கு எங்க போவ?"

"அதான் கீதே" என்று துளிர்த்து நின்ற வேலியைக் காட்டிவிட்டு, ஏகாம்பரம் கத்தியைத் தேடப் போனார்.